டிசிசிக்கு மாறிய பிறகு பாயிண்ட் முரண்டு பிடித்தால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

பழைய அனலாக் மாடல் ரயில் லேஅவுட்டை டிசிசிக்கு (தண்டவாள வயரிலேயே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் முறைக்கு) மாற்றுகிறவர்கள் எஞ்சினில்தான் தொடங்குவார்கள். அந்தக் கட்டளையைப் புரிந்துகொள்ளும் சிறு மின் பலகையான டிகோடரைச் செருகியதும் எஞ்சின் ஓடிவிடும், மனசு நிறைந்துவிடும். ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயிண்டுகளின் முறை அப்புறம் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பத்துப் பதினைந்து பாயிண்டுகளையும் டிகோடரில் இணைத்து முடித்துக் கன்ட்ரோலரை அழுத்தினால் மூன்று திரும்பும், இரண்டு முனகும், ஒன்று எதிர்ப்பக்கம் போகும், மற்றவை அசையவே அசையாது. அந்த ஞாயிறு மாலைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொள்ளும் அமைப்பு இது: 16.5 மிமீ அகலப் பாதை, அதாவது பிரிட்டிஷ் டபுள் ஓ அல்லது ஹெச்ஓ. பீகோ பாயிண்டுகள், அடியில் பிஎல்-10 வகை இரட்டைக் காயில் மோட்டார்கள் (ஒவ்வொரு பக்கம் இழுக்கவும் ஒரு காயில்), நான்கு பாயிண்டுகளை இயக்கும் ஆக்சஸரி டிகோடர்கள். இடையிடையே டார்ட்டாய்ஸ் போன்ற மெதுவான மோட்டாரும் சர்வோவும் (கட்டளை சொல்லும் கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்) வரும். பாகங்களின் பெயரையும் சொல்லிவிடுகிறேன். நகரும் இரண்டு கூர்முனைத் தண்டவாளங்கள் நாக்குகள். அவை போய் ஒட்டும், நகராத இரண்டும் ஓரத் தண்டவாளங்கள். இரு நாக்குகளையும் சேர்த்து இழுக்கும் பிளாஸ்டிக் பட்டை டை பார். இரு பாதைகளின் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் வி வடிவ இடம் ஃபிராக்.

எந்த அறிகுறியானாலும் முதலில் விரல்

கன்ட்ரோலரைக் கீழே வையுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு டை பாரை விரல் நுனியால் ஒரு பக்கம் தள்ளுங்கள், பிறகு மறுபக்கம். பீகோ பாயிண்டில் ஒரு சிறு ஸ்பிரிங் இருக்கிறது. பாதி தூரம் தாண்டியதும் அதுவே மீதித் தூரத்தை இழுத்துக்கொள்ளும். நல்ல பாயிண்டில் சுருக்கமாக ஒரு ‘டக்’ கேட்கும். கோளாறுள்ள பாயிண்டில் ‘தொக்’ என்று அமுங்கிக் கேட்கும், அல்லது கடைசி அரை மில்லிமீட்டரை நீங்களே அழுத்த வேண்டியிருக்கும். இது இரு பக்கமும் சரியாக இல்லாதவரை எந்த டிகோடரையும் தொடாதீர்கள். விரலுக்கே அடங்காததை எந்தக் கட்டளையாலும் திருத்த முடியாது.

விரல் சோதனை தேறினால், டிகோடரிலிருந்து மோட்டார் வயர்களைக் கழற்றிவிட்டுப் பழைய 16 வோல்ட் சப்ளையால் காயிலை நேரடியாகத் தொட்டுப் பாருங்கள். ஒரு தொடுதல், கால் நொடிக்கு மேல் வேண்டாம். அதுவும் தேறினால்தான் டிகோடர். டிகோடரும் சரி என்றால்தான் பாயிண்ட் எண்ணும் சிவியும் (டிகோடருக்குள் பதிந்திருக்கும் அமைப்பு மதிப்புகள்). பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சிவியை மாற்றுவதற்கு மேசைக்கடியில் குனிய வேண்டாம் என்பதால் அதில் முதலில் கை வைக்கிறோம். அரை மணி நேரம் கழித்து, எது தொழிற்சாலையில் வைத்த மதிப்பு, எது நாம் மாற்றியது என்றே தெரியாமல் போகும்.

அறிகுறி: அழுத்தினால் சத்தமே இல்லை

அதே டிகோடரில் இருக்கும் மற்ற மூன்று பாயிண்டுகளையும் இயக்கிப் பாருங்கள். நான்குமே செத்திருந்தால் டிகோடருக்கு வரும் இரண்டு வயர்களைப் பாருங்கள். ஸ்க்ரூ கனெக்டரில் வயரின் பிளாஸ்டிக் தோலைச் சேர்த்து இறுக்கியிருப்பது அடிக்கடி நடக்கும். ஒன்று மட்டும் என்றால் அந்தப் பாயிண்டின் வயரையும் எண்ணையும் பாருங்கள்.

எண் விஷயம் கொஞ்சம் விளக்கமாக. டிசிசியில் எஞ்சின் எண்ணும் பாயிண்ட் எண்ணும் வெவ்வேறு வகைக் கட்டளைகள். எஞ்சின் 5-ம் பாயிண்ட் 5-ம் ஒன்றோடொன்று மோதாது. ஆனால் கன்ட்ரோலர் எஞ்சின் நிலையில் இருக்கும்போது 5 அழுத்தினால் பாயிண்டுக்கு எதுவும் போகாது; பாயிண்டுக்கென்று இருக்கும் தனிச் சாவியை முதலில் அழுத்த வேண்டும். அடுத்தது, சாதாரண நான்கு வழி டிகோடர் நான்கு எண்களை மொத்தமாக எடுத்துக்கொள்ளும்: முதல் டிகோடருக்கு 1 முதல் 4, இரண்டாவதற்கு 5 முதல் 8. டிகோடர் எண்ணை நான்கால் பெருக்கினால் அதன் கடைசிப் பாயிண்ட் எண் கிடைக்கும். 511 டிகோடர்கள், ஆளுக்கு நான்கு என்று 2044 பாயிண்ட் வரை போகலாம்.

இங்கேதான் பலரை அலைக்கழிக்கும் அந்த 4 வருகிறது. தண்டவாளத்தில் ஓடும் கட்டளையின் வடிவம் எல்லா நிறுவனத்துக்கும் பொது. ஆனால் டிகோடர்களை 0-லிருந்து எண்ணுவதா 1-லிருந்து எண்ணுவதா என்பதில் தயாரிப்பாளர்கள் பிரிந்துவிட்டார்கள். ஆகவே ஒரு நிறுவனத்தின் கன்ட்ரோலரில் 5 என்று அழுத்தினால், இன்னொரு நிறுவனத்தின் கணக்கில் அது 1 ஆகவோ 9 ஆகவோ இருக்கலாம். ரோக்கோவின் மல்டிமவுஸ் இந்த 4 வித்தியாசத்துக்குப் பேர்போனது. 5-க்கு அசையாத பாயிண்டை 1-லும் 9-லும் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பினால் பழுது எதுவும் இல்லை. எண் தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான். சில கமாண்ட் ஸ்டேஷன்களில் (கட்டளைகளை உருவாக்கித் தண்டவாளத்துக்கு அனுப்பும் பெட்டி) இந்த எண் முறையை மாற்றிக்கொள்ள வழி உண்டு. மாற்றுவதானால் லேஅவுட்டின் முதல் பாயிண்டிலேயே மாற்றிவிடுங்கள், பாதி வழியில் வேண்டாம்.

பட்டனை அழுத்தி எண்ணைக் கற்றுக்கொள்ளும் டிகோடரானால் ஒரு எச்சரிக்கை. விளக்கு மினுக்கத் தொடங்கியதும் அடுத்து வரும் எந்தப் பாயிண்ட் கட்டளையையும் அது தன் எண்ணாக எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் கணினியோ இன்னொருவர் கையிலிருக்கும் கன்ட்ரோலரோ அந்த நொடியில் கட்டளை அனுப்பினால் அதுதான் பதியும். அந்த நேரத்தில் மற்ற எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள்.

அறிகுறி: சத்தம் வருகிறது, நாக்கு போய்ச் சேரவில்லை

விரல் சோதனை தேறியிருந்தும் இப்படி என்றால், மோட்டாருக்குப் போதிய உதை கிடைக்கவில்லை. பிஎல்-10 ரக மோட்டார் பசி அதிகமுள்ளது. மிகக் குறைந்த நேரத்துக்குச் சில ஆம்பியர் கேட்கும். அந்த உதையைக் கொடுப்பது டிகோடருக்குள் இருக்கும் கண்டென்சர். கண்டென்சரில் தேங்கும் ஆற்றல் வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது. 4700 மைக்ரோஃபாரட் கண்டென்சரில் 24 வோல்ட்டில் ஏறத்தாழ 1.35 ஜூல் நிற்கும், 16 வோல்ட்டில் 0.6 ஜூல்தான். 16-லிருந்து 12-க்கு இறங்கினால் அதிலும் பாதியை ஒட்டித்தான் மிஞ்சும். தண்டவாள மின்சாரத்திலேயே ஓடும் டிகோடர் முனகுவதற்கும், அதையே தனி சப்ளையில் ஓட்டினால் அடித்துத் திருப்புவதற்கும் காரணம் இந்தக் கணக்குதான். டிகோடரின் குறிப்பேட்டில் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று பார்த்து, அந்த எல்லைக்குள் உயர்த்துங்கள்.

வயரையும் பாருங்கள். கடையில் சல்லிசாகக் கிடைக்கும் 0.22 சதுர மிமீ வயர் 1 மீட்டருக்கு ஏறத்தாழ 0.08 ஓம். டிகோடர் 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 10 மீட்டர், 0.8 ஓம். காயிலே 4 ஓம்தான் என்றால் ஆறில் ஒரு பங்கு வோல்ட் வழியிலேயே கரைந்துபோகிறது. உதையின் பலம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அனலாக் காலத்தில் எல்லா பட்டனும் ஒரே பேனலில் இருந்ததால் நீளமான வயர்கள் ஓடின. டிசிசியில் அதற்குத் தேவையே இல்லை. டிகோடரைப் பாயிண்டுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள், கட்டளை வயர் நீளமாகப் போகட்டும்.

டிகோடரில் உதை நேரத்தைக் கூட்டும் சிவி இருந்தால் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம். கண்டென்சர் காலியான பிறகு நேரத்தைக் கூட்டி ஒரு பயனும் இல்லை.

இன்னொன்று, வாரக்கணக்கில் நன்றாக ஓடிய பாயிண்ட், பேலஸ்ட் (பாதையில் ஒட்டும் சிறு ஜல்லி) போட்ட மறுநாள் முனகினால் மின்சாரத்தைச் சந்தேகப்படாதீர்கள். கரைத்த பசை டை பாருக்கு அடியில் கசிந்து இறுகியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, தூரிகையால் தொட்டு வைத்து, ஐந்து நிமிடம் கழித்து மெல்ல ஆட்டுங்கள். நாக்குக்கும் ஓரத் தண்டவாளத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பேலஸ்ட் மணி ஒன்று கண்ணுக்கே தெரியாது. ஒரு காகிதத் துண்டை அந்த இடைவெளியில் விட்டு இழுத்தால் அது எங்கே தட்டுகிறதோ அங்கே இருக்கும்.

அறிகுறி: ஒரு பக்கம் போகிறது, திரும்பி வரவில்லை

இதற்கு ஒரே ஒரு சோதனை போதும், எனக்கு மிகவும் பிடித்த சோதனை. டிகோடர் பக்கத்தில் இரண்டு காயில் வயர்களையும் இடம் மாற்றி மாட்டுங்கள். இரண்டுக்கும் பொதுவான காமன் வயர் அப்படியே இருக்கட்டும். இப்போதும் பாயிண்ட் அதே பக்கம்தான் போக மறுக்கிறது என்றால் கோளாறு மோட்டாரிலோ வயரிலோ பாயிண்டிலோ. மறுக்கும் பக்கம் மாறிவிட்டால் கோளாறு டிகோடரின் அந்த ஒரு வெளியீட்டில். இரண்டு நிமிட வேலை, பாதி உலகம் சந்தேகத்திலிருந்து நீங்கிவிடும்.

காட்டோ யூனிட்ராக் பாயிண்டை இப்படிப்பட்ட டிகோடரில் மாட்டியவர்களுக்கும் இதே அறிகுறி வரும். அதில் இரண்டே வயர், ஒரே காயில். துருவத்தை மாற்றினால்தான் மறுபக்கம் திரும்பும். ஒரு வெளியீட்டுக்கும் காமனுக்கும் நடுவே மாட்டினால் ஒரு பக்கம் மட்டும் போகும், இரண்டு வெளியீடுகளுக்கு நடுவே மாட்டினால் எதுவும் நடக்காது. துருவம் மாற்றித் தரும் டிகோடர்தான் வேண்டும்.

நேர் என்றால் வளைவும், வளைவு என்றால் நேரும் போகிறதா? இரண்டு காயில் வயர்களை மாற்றி மாட்டிவிடுங்கள், முடிந்தது.

அறிகுறி: தனியாக அழுத்தினால் திரும்புகிறது, வரிசையாகக் கட்டளை கொடுத்தால் விட்டுப்போகிறது

ஒரே பட்டனில் நான்கைந்து பாயிண்டுகளைத் திருப்பும்படி ரூட் அமைத்தால் வரும் கோளாறு. முதல் உதையில் கண்டென்சர் காலி. அது நிரம்புவதற்குள் இரண்டாவது கட்டளை வந்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நொடி இடைவெளி வையுங்கள், போதாவிட்டால் இரண்டு. ஒரே டிகோடரில் உள்ள பாயிண்டுகள் ரூட்டில் அடுத்தடுத்து வராமல் வரிசையை மாற்றி அமைத்தாலும் சரியாகிவிடும்.

அறிகுறி: மோட்டார் சுடுகிறது, கருகிய வாசனை

உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். இந்த ஒரு அறிகுறிக்கு மட்டும் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. இரட்டைக் காயில் மோட்டாருக்கு மின்சாரம் ஒரு நொடியின் சிறு பங்குக்குத்தான் போக வேண்டும். தொடர்ந்து போனால் பிளாஸ்டிக் உருகிக் காயில் கருகிவிடும்.

முதல் காரணம், டிகோடரின் வெளியீடு ‘உதை’ முறையில் இல்லாமல் ‘தொடர்’ முறையில் இருப்பது. டார்ட்டாய்ஸ் போன்றவற்றுக்கு அந்தத் தொடர் முறைதான் சரி; அது போய் முட்டி நின்ற பிறகும் 12 வோல்ட்டில் 16 மில்லிஆம்பியர் மட்டுமே இழுத்துக்கொண்டு அப்படியே நிற்கும்படி செய்யப்பட்ட மோட்டார். இரண்டு வகையையும் ஒரே லேஅவுட்டில் கலந்து வைத்திருந்தால் எந்த வெளியீடு எந்த முறை என்று டிகோடர் மீதே ஒட்டி எழுதிவையுங்கள். முறை மாறினால் எதிர்ப்பக்க அறிகுறியும் வரும்: டார்ட்டாய்ஸ் சற்றே துடித்துவிட்டு நின்றுவிடும்.

இரண்டாவது காரணம் என் வீட்டில் நடந்தது. பழைய அனலாக் பேனலைக் கழற்ற மனமில்லாமல், ‘இதுவும் இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும்’ என்று அதன் பட்டன் வயர்களையும் டிகோடர் வயர்களையும் ஒரே மோட்டாரில் சேர்த்து வைத்திருந்தேன். பேனலிலிருந்து வந்த 16 வோல்ட் ஏசி ஒரு மாலை டிகோடரின் வெளியீட்டுக்குள் பின்வழியாக நுழைந்தது. டிகோடர் போனது, அதோடு அந்த வெளியீடு திறந்தபடியே நின்றுவிட்டதால் காயிலும் கருகியது. ஒரு இனிப்பும் கசப்புமான வாசனை, அறையில் இரண்டு நாள் இருந்தது. பேனல் பட்டன்கள் வேண்டும் என்றால் பட்டன் உள்ளீடு கொண்ட டிகோடரை வாங்கி, பட்டனை அதன் உள்ளீட்டில் மாட்டுங்கள். மோட்டார் வயரில் டிகோடரைத் தவிர வேறு எதுவும் சேரக் கூடாது. அனலாக் காலத்தில் தண்டவாளத்துக்கும் பாயிண்டுக்கும் சேர்த்து ஓடிய பொது ரிட்டர்ன் வயரையும் இப்போதே பிரித்துவிடுங்கள்.

அறிகுறி: மெதுவான மோட்டார் பாதி வழியில் நிற்கிறது, சர்வோ நடுங்குகிறது

டார்ட்டாய்ஸ் மாட்டிய பீகோ பாயிண்டில் அந்தச் சிறு ஸ்பிரிங் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் மெல்லத் தள்ள, ஸ்பிரிங் எதிர்த்து நிற்கும். ஸ்பிரிங்கை எடுத்துவிடுங்கள், பிடித்து வைக்கும் வேலையை மோட்டாரே செய்யும். எடுத்த பிறகும் நாக்கு முழுதாக ஒட்டவில்லை என்றால் மோட்டார் கம்பி மெல்லியதாக இருக்கிறது, கொஞ்சம் தடித்த ஸ்டீல் கம்பி போடுங்கள்.

சர்வோவின் நடுக்கம் பெரும்பாலும் வயரில் பிறக்கிறது. அதற்குப் போகும் கட்டளை 1 முதல் 2 மில்லிசெகண்ட் நீளமுள்ள சிறு துடிப்பு. பக்கத்திலேயே டிசிசி வயர் இணையாக ஓடினால் அந்தத் துடிப்பில் இரைச்சல் கலந்துவிடும். சர்வோ வயரைக் குட்டையாக வையுங்கள், முறுக்கிவிடுங்கள், டிசிசி வயரைக் கடக்க வேண்டுமானால் குறுக்காகக் கடக்கட்டும்.

அறிகுறி: பாயிண்ட் நன்றாகத் திரும்புகிறது, ஆனால் ஷார்ட்

எந்த நேரத்தில் ஷார்ட் ஆகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

ரயிலே இல்லாமல், பாயிண்ட் திரும்பிய நொடியிலேயே ஷார்ட் என்றால் ஃபிராக்கைத் தாண்டிய இடத்தைப் பாருங்கள். அனலாக் லேஅவுட்டில் பாயிண்டே ஸ்விட்சாக வேலை செய்தது; திரும்பாத பாதை செத்துக் கிடக்கும், அதில் எஞ்சினை நிறுத்தி வைக்கலாம். டிசிசிக்கு மாறும்போது எல்லாப் பாதையும் எப்போதும் உயிரோடு இருக்கட்டும் என்று ஒவ்வொரு துண்டுக்கும் புது வயர் கொடுக்கிறோம். உலோக ஃபிராக் கொண்ட பாயிண்டில், ஃபிராக்கிலிருந்து கிளம்பும் இரண்டு உள் தண்டவாளங்களிலும் மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் ஜாயினர் (தண்டவாள இணைப்பான்) இல்லாவிட்டால் அந்தப் புது வயரின் மின்சாரம் பின்வழியாக ஃபிராக்குக்கு வந்து மோதும். இரண்டு பிளாஸ்டிக் ஜாயினர் போட்டால் தீர்ந்தது. பாதை ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்தால் மெல்லிய ரம்பத்தால் அறுத்து, இடைவெளியில் பிளாஸ்டிக் சில்லு வைத்து ஒட்டுங்கள்.

எஞ்சின் ஃபிராக்கில் ஏறியதும் ஷார்ட் என்றால் ஃபிராக்கின் துருவம் தலைகீழ். விதி எளிது: நாக்கு எந்த ஓரத் தண்டவாளத்தை ஒட்டி நிற்கிறதோ, அதன் துருவம்தான் ஃபிராக்குக்கும் வேண்டும். எல்லா வண்டிகளையும் எடுத்துவிட்டு, கமாண்ட் ஸ்டேஷனைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து ஃபிராக்கையும் ஒட்டிய பக்கத் தண்டவாளத்தையும் தொடுங்கள். பீப் வர வேண்டும். மறுபக்கத்தில் வரக் கூடாது. பாயிண்டைத் திருப்பிவிட்டு மீண்டும் பாருங்கள். இரண்டு நிலையிலும் தலைகீழாக வந்தால் மோட்டாரோடு சேர்ந்து நகர்ந்து ஃபிராக்கின் துருவத்தை மாற்றும் துணை ஸ்விட்சில் வெளி வயர் இரண்டையும் மாற்றுங்கள். ஒரு நிலையில் மட்டும் தவறு என்றால் துணை ஸ்விட்ச் முழுதாகத் தள்ளப்படவில்லை.

சக்கரம் நாக்கைத் தாண்டும்போது, அதுவும் சில பெட்டிகளுக்கு மட்டும் ஷார்ட் என்றால், சக்கரத்தின் உள்முகம் திறந்த நாக்கில் உரசுகிறது. மாற்றம் செய்யாத உலோக ஃபிராக் பாயிண்டில் இரு நாக்கும் ஒரே துருவம். ஆகவே திறந்து நிற்கும் நாக்கு பக்கத்துத் தண்டவாளத்துக்கு எதிர்த் துருவம். அனலாக்கில் கண நேர ஷார்ட் ஒரு சிறு பொறியோடு போய்விடும். டிசிசி அதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். சக்கரங்களின் உள்ளிடைவெளியை அளந்து 14.5 மிமீ அளவுக்குக் கொண்டுவாருங்கள். நிரந்தரத் தீர்வு என்றால் நாக்குகளை ஃபிராக்கிலிருந்து துண்டித்து, ஒவ்வொன்றையும் அதனதன் ஓரத் தண்டவாளத்தோடு வயரால் பற்றவைப்பது. பிளாஸ்டிக் ஃபிராக் பாயிண்டில் ஃபிராக் நுனியில் மட்டும் பொறி பறந்தால், அகலச் சக்கரம் இரு துருவத்தையும் தொடுகிறது. நுனியை அடுத்த இரண்டு மில்லிமீட்டருக்கு நிறமில்லா நகப்பூச்சு தடவினால் நிற்கும். தேயும்போது மறுபடி தடவ வேண்டும்.

இந்த ஷார்ட்டோடு சேர்ந்து வரும் ஒரு முட்டுச்சந்து இருக்கிறது. எஞ்சின் தவறான பக்கம் திரும்பிய பாயிண்டில் ஏறி ஷார்ட் ஆகிவிட்டது. பாயிண்டைத் திருப்பினால் சரியாகும். ஆனால் ஷார்ட் ஆனதால் டிசிசி நின்றுவிட்டது, டிசிசி நின்றதால் பாயிண்ட் டிகோடருக்குக் கட்டளை போகாது. டிகோடருக்குத் தனி சப்ளை கொடுத்திருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது, ஏனென்றால் கட்டளையும் அந்த டிசிசி வயரில்தான் வருகிறது. செய்ய வேண்டியது: கமாண்ட் ஸ்டேஷனிலிருந்து இரண்டு கிளை பிரியுங்கள். ஒன்று நேராகப் பாயிண்ட் டிகோடர்களுக்கு. மற்றது ஒரு எலக்ட்ரானிக் சர்க்யூட் பிரேக்கர் வழியாகத் தண்டவாளத்துக்கு. பிரேக்கர் கமாண்ட் ஸ்டேஷனைவிடக் குறைந்த ஆம்பியரில், முந்திக்கொண்டு விழ வேண்டும். ஷார்ட் ஆனால் தண்டவாளம் மட்டும் நிற்கும், பாயிண்டுகள் உயிரோடு இருக்கும். லேஅவுட்டை மாற்றும்போது ஒரே ஒரு கூடுதல் செலவுதான் செய்ய முடியும் என்றால் இந்தப் பிரேக்கருக்குச் செய்யுங்கள் என்பேன்.

அறிகுறி: தானாகத் திரும்புகிறது

ஒரு பாயிண்டை அழுத்தினால் இன்னொன்றும் சேர்ந்து திரும்பினால் இரண்டுக்கும் ஒரே எண். மின்சாரம் போட்டதும் எல்லாம் ஒருமுறை அசைந்தால், கடைசி நிலைக்குத் திருப்பும் வசதி டிகோடரில் இயங்குகிறது. வேண்டாம் என்றால் அதற்கான சிவியில் நிறுத்தலாம்.

அறிகுறி: திரையில் நேர், தண்டவாளத்தில் வளைவு

என் அக்கா மகன் வந்திருந்தபோது பாயிண்ட் ஒன்றை விரலால் திருப்பிவிட்டுப் போனான். போன் திரையில் அது இன்னும் நேராகவே தெரிந்தது. அதை நம்பி வண்டியை விட்டேன், பெட்டிகள் தடம் இறங்கின. திரை காட்டுவது கமாண்ட் ஸ்டேஷன் கடைசியாக அனுப்பிய கட்டளையைத்தான். சாதாரண ஆக்சஸரி டிகோடர் பாயிண்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று திருப்பிச் சொல்வதில்லை. கண்ணுக்கு எட்டும் பாயிண்டுகளுக்கு இது பெரிய குறையில்லை. சுரங்கத்துக்குள்ளும் மலைக்கடியிலும் இருக்கும் பாயிண்டுகளுக்கு மட்டுமாவது மோட்டாரின் துணை ஸ்விட்சிலிருந்து ஒரு ஃபீட்பேக் மாட்யூலுக்கு வயர் கொடுங்கள். டார்ட்டாய்ஸில் இரண்டு ஸ்விட்ச் உள்ளேயே இருக்கின்றன. ஒன்று ஃபிராக்குக்கு, மற்றது இதற்கு. மற்றவற்றுக்கு, ஓட்டத் தொடங்கும் முன் எல்லாப் பாயிண்டையும் ஒருமுறை நேர் நிலைக்கு அனுப்பும் ரூட் ஒன்றை, நொடிக்கு ஒன்றாக, அமைத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் தினமும் அதில்தான் தொடங்குகிறேன்.